ஸ்டெல்லா மிஸ்ஸின் வரிசையும் என்னுடைய வரிசையும்

பன்றிக் காய்ச்சல் பற்றிய பேச்சு ரேடியோவில் அடிபடத் தொடங்கியதிலிருந்து என்னைத் தேடி ஆள் வருவது கூடிவிட்டது. எனக்குப் பிறகு தோட்டத்து மருந்தகத்துக்கு வந்த டிஸ்பென்சர் ரவிக்குமாருக்கு ஓயாமல் கேள்விதான். தடுப்பூசி வந்தால் எப்படிப் போடுவது, இந்த வெயிலில் ஃப்ளூ ஊசிக்கு என்ன வேலை, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது. ஐயா முந்தி ஆமிக் கேம்பில் புதிதாகச் சேர்ந்த ரெக்ரூட்களுக்கு ஃப்ளூ ஊசி போட்டவர்தானே, அந்த அனுபவத்தை எழுதிக் கொடுக்கக் கூடாதா என்றார். எழுதுகிறேன் என்றேன். ஆனால் எழுதினால் அதில் ஸ்டெல்லா மிஸ் வருவார். அவர் வந்தால் கூடவே என் பொறாமையும் வரும். ஓய்வு பெற்றவன் என்பதற்காகப் பழுத்த மனுஷனாக வேஷம் போட எனக்கு முடியாது. வயிறு எரிந்ததை எரிந்தது என்றுதான் எழுதுவேன்.

என் படிப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கலக்கவும் புண் கட்டவும் ஊசி போடவும் பழகினேன். கேகாலை மாவட்டத்தில், ரம்புக்கனைக்கு மேலே, றப்பர் தோட்டம் ஒன்றில் டிஸ்பென்சர் வேலை கிடைத்தது. அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே தலை நரைத்தேன். கத்தி பட்ட விரல், பாம்பு தீண்டிய கால், குடித்துவிட்டு விழுந்து உடைந்த மண்டை எல்லாம் என் கைக்கு வந்தவை. டிஸ்பென்சர் ஐயா என்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு மரியாதை இருந்தது. ஸ்டெல்லா மிஸ் வரும்வரை அது முழுசாக இருந்தது.

அவர் எங்கள் தோட்டத்துக்கு மிட்வைஃபாக வந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அரநாயக்கப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போய் வளர்ந்த வேதக்காரப் பெண். என் சிங்களம் கடைக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் போதுமானது. அவருக்கோ அது தாய்ப்பால் மாதிரி. பிள்ளைகளுக்கு ஊசி போடுவதில் அவர் கை லேசு என்று வந்த மாதமே பெயர் வாங்கிவிட்டார். பிறகு பெரியவர்களும் நெட்டை ஆண்களும் மருந்தக வாசலில் நின்று, மிஸ் இருக்காங்களா என்று என்னிடமே கேட்க ஆரம்பித்தார்கள். இல்லை, நான்தான் இருக்கிறேன் என்றால், பரவாயில்லை ஐயா அப்புறம் வர்றோம் என்று திரும்பிப் போனார்கள். மாட்டுக்கு ஊசி போடுகிறவனைப் பார்த்ததுபோல ஒரு பார்வை வேறு.

வடக்கில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் கீழ்ப் பிரிவில் மூடிக் கிடந்த பழைய றப்பர் ஃபேக்டரியை ரெக்ரூட் பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். முந்தின அணி அங்கே இருந்தபோது, ஆனி மாதத்து அடைமழையில் ஒருவனுக்கு வந்த சளிக்காய்ச்சல் ஒரே வாரத்தில் பாதிப் பேரைப் படுக்கப் போட்டுவிட்டது. நெருக்கமாகப் படுத்து ஒரே பீங்கான் தட்டில் சாப்பிடும் இடத்தில் காய்ச்சலுக்குக் கால் முளைப்பது சாதாரணம். ஒரு பையனுக்கு அது நெஞ்சில் இறங்கி, பிழைத்தது பெரும்பாடு. அதனால் புதிய அணிக்கு மழைக்கு முன்னமே ஊசி போட்டுவிட வேண்டும் என்று மேலிடம் முடிவெடுத்தது. ஊசி உடம்பில் வேலை செய்யக் கொஞ்ச நாள் பிடிக்கும், மழை வந்தபின் போடுவதில் பிரயோசனமில்லை. ரவிக்குமார் கேட்டாரே, வெயிலில் எதற்கு ஃப்ளூ ஊசி என்று, அதற்கு இதுதான் பதில். நமக்குப் பனிக்காலம் இல்லாவிட்டாலும் மழைக்காலம் இருக்கிறது.

கேம்பில் ஒரே ஒரு டொக்டர், கேப்டன் லியனகே. அவருக்கு உதவிக்கு ஆள் போதாது. கூட்டத்துக்கு ஊசி போட்டுப் பழகியவர்கள் வேண்டும் என்று எங்கள் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டார். துரை எங்கள் இருவரையும் அனுப்பினார். முறைப்படி என் பெயர்தான் முதலில். துரையே சொன்னார், கிருஷ்ணசாமி பொறுப்பு, மிஸ் உதவிக்கு என்று. அந்த வசனத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் கேம்ப் வாசலைத் தாண்டியதும் அது செல்லாக் காசாகிவிட்டது.

கேப்டன் லியனகேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த மனுஷன், என் மகன் வயது இருக்கும். சத்தமாகப் பேசி நான் கேட்டதேயில்லை. காலையில் வந்ததும் நமக்கு வணக்கம் சொல்லமாட்டார். முதலில் ஃபிரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் மனுஷரைப் பார்ப்பார். ஃப்ளூ மருந்து சூடு பட்டாலும் கெட்டது, உறைந்தாலும் கெட்டது. உறைந்தது எது என்று கண்ணுக்குத் தெரியாது என்பதால் அவருக்கு அதுதான் பெரிய பயம். ஐஸ் பெட்டியில் வைக்கும் ஐஸ் பைகளை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வைக்க விடமாட்டார். மேசையில் போட்டு, அவை வேர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்போதும் மருந்துக் குப்பி ஐஸில் முட்டக்கூடாது, நடுவில் துணி இருக்க வேண்டும். குப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டுவார், பிறகு நம் கையில் தருவார்.

ஊசி எல்லாருக்கும் இடது கையில்தான். வலது தோளில் துவக்கின் அடிக்கட்டை இடிக்கும், அங்கே வலி இருந்தால் பையன் மறுநாள் குறி தவறுவான் என்றார். முட்டை ஒத்துக்கொள்ளாதவன் யார், இன்று காய்ச்சல் உள்ளவன் யார், முன்பு ஊசி போட்டு மயங்கியவன் யார் என்று கேட்டுப் பிரிக்க வேண்டும். போட்ட பிறகு கால் மணி நேரம் கண் முன்னால் உட்கார்த்தி வைக்க வேண்டும். ஒருவன் மயங்கி விழுந்தால் அதைப் பார்த்தே அடுத்தவன் விழுவான், அதனால் போட்டவனைப் போடாதவன் பார்க்காதபடி பழைய உலர்த்தும் அறைக்குள் உட்கார வைத்தோம். இதையெல்லாம் அவர் ஒரு முறை சொல்லுவார். இரண்டாம் முறை கேட்டால் நம்மை ஒரு பார்வை பார்ப்பார். என்னை அப்படிப் பார்த்திருக்கிறார். ஸ்டெல்லா மிஸ் மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் சொன்னார்.

ஊசி நாளில் இரண்டு மேசை போட்டார்கள். முதல் ஊசியைக் கேப்டன் தானே எல்லாருக்கும் முன்னால் போட்டுக்கொள்வதாகச் சொன்னார், பையன்களின் பயம் தெளியட்டும் என்று. நான் சிரிஞ்சை எடுத்து, மருந்தை ஏற்றி, காற்றைத் தட்டி, தயாராக நின்றேன். அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே வந்து, என் மேசையைத் தாண்டி, ஸ்டெல்லா மிஸ்ஸின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதைப் பார்த்த அத்தனை பையன்களும் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். பையன்களுக்குப் பொறுப்பான கோப்ரல் அதட்டி இரண்டாகப் பிரித்தார். பிரித்த பிறகும், என் வரிசைக்காரன் ஒவ்வொருவனும் கழுத்தைத் திருப்பி அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஏற்றிய மருந்தை வீணாக்காமல் கோப்ரலுக்குப் போட்டேன். அவர் அம்மா என்று கத்திவிட்டார்.

மிஸ்ஸிடம் ஒரு தந்திரம் இருந்தது. பையன் உட்கார்ந்ததும், "கம கொஹெத மல்லி?" என்பார். ஊர் எது தம்பி என்று அர்த்தம். பையன் ஊர்ப் பெயரைச் சொல்ல வாய் திறக்கும்போது தோள் தளரும், அந்த நொடியில் ஊசி உள்ளே போய் வெளியே வந்துவிடும். அந்த ஊரில் இன்னாரைத் தெரியுமா, இந்த விகாரைக்குப் பக்கமா என்று அவர் இன்னொரு கேள்வி கேட்பதற்குள் பஞ்சும் வைத்தாகிவிடும். சரி, இதில் என்ன பெரிய வித்தை என்று நானும் முயன்றேன். அடுத்தவன் உட்கார்ந்ததும், "கம கொஹெத?" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவன் விறைத்து எழுந்து நின்று, பெயரையும் இலக்கத்தையும் கூரை அதிரக் கத்தினான். கை மரக்கட்டையாகிவிட்டது. ஊசி வளைந்தது. பக்கத்து மேசையில் சிரிப்பு.

ஊசி போட்ட பையன்கள் எழுந்து போகும்போது மிஸ்ஸிடம் ஒன்று கேட்டார்கள், குளிக்கலாமா என்று. இன்றைக்கும் நாளைக்கும் தலையில் தண்ணீர் ஊற்றாதீங்க என்று அவர் சொன்னார். அதை நான் காதால் கேட்டேன், எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. ஊசி போட்ட உடம்பில் தண்ணீர் படக்கூடாது என்பது லயத்துத் தாய்மாருக்கும் தெரியும், சிங்களக் கிராமத்துத் தாய்மாருக்கும் தெரியும். கைக்குழந்தைகளுக்கு ஊசி போட்டு நாங்கள் இருவரும் வருஷக்கணக்கில் சொல்லிவந்த புத்தி அது. கேப்டன் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவர் சொல்லாததைக் கவனிக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் கேப்டன் கொழும்புக்குப் போய்விட்டார். கேம்பின் ஆம்புலன்ஸும் அவரோடு போனது. பையன்களுக்கு வழக்கம்போல முழு மூட்டையோடு நடை. மாசி கடைசி, றப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்து நின்ற நேரம். மற்ற மாதங்களில் அந்த ரோட்டில் வெயிலே விழாது, இலை உதிர்ந்த மாதத்தில் நிழலே விழாது. வழக்கமாக நடையின் பாதியில் ஓயா ஒன்று, சின்ன ஆறு, வரும். அங்கே எல்லாரும் இறங்கி, தலையை முக்கி, சட்டையை நனைத்துக்கொண்டுதான் மேலே ஏறுவார்கள். அன்றைக்கு ஒருவனும் இறங்கவில்லை. கோப்ரலும் இறங்க விடவில்லை. ஊசி போட்ட உடம்பு.

நாங்கள் இருவரும் மருத்துவ அறையில், ஊசி போட்டபின் காய்ச்சல் என்று வந்திருந்த சில பேருக்கு பெனடோல் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கம்பளியால் கழுத்துவரை சுற்றியிருந்தார்கள். ஊசிக் காய்ச்சல் கொஞ்சம் கூடிவிட்டது என்றார் கோப்ரல். அவன் பெயர் சமன். அரநாயக்கப் பக்கம், றப்பர் பால்வெட்டுகிறவர்களின் மகன். முதல் நாள் மிஸ்ஸின் வரிசையில் நின்றவன், ஊர் பெயர் சொன்னதும் மிஸ் அவனோடு கொஞ்சம் கூடுதலாகவே பேசியிருந்தார்.

கம்பளிக்குள் கையை விட்டேன். தோல் அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. யாரோ மாட்டை அவிழ்த்துவிட்டதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்தேன். பாதரசம் நூற்றேழைத் தாண்டி நின்றது. ஊசிக் காய்ச்சல் என்றால் மேல் வலிக்கும், குளிரும், நூறு, நூற்றொன்று காட்டும், இரண்டு நாளில் போய்விடும். இது அதில்லை. இது வெயில் மூளைக்குப் போனது. அப்படியே விட்டால் அன்று மத்தியானத்துக்குள் செத்துவிடுவான்.

கம்பளியை இழுத்துப் போட்டேன். இவனைத் தண்ணீரில் போட வேண்டும் என்றேன். கோப்ரல் குறுக்கே வந்து நின்றார். ஊசி போட்டவனைத் தண்ணீரில் போடுவதா, டொக்டர் வரட்டும் என்றார். வரும்வரை இவன் இருக்கமாட்டான் என்றேன். ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. அவரும் அதைச் சொல்லவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு தமிழன் ஒரு சிங்களச் சிப்பாயைத் தண்ணீரில் அமுக்கி அவன் செத்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"நான் பொறுப்பு," என்றேன்.

அவர் நகரவில்லை. மிஸ்கூட ஒரு கணம் தயங்கினார். "ஐயா, ஊசி போட்ட ஒடம்புங்களே," என்றார் மெதுவாக.

"மிஸ், தொட்டுப் பாருங்க."

தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்தார். பிறகு கோப்ரலைப் பார்த்து, "மல்லி, காலைப் பிடிங்க," என்று சிங்களத்தில் சொன்னார். அந்த மனுஷன் உடனே குனிந்து காலைப் பிடித்தார். பொறுப்பேற்றவன் நான். நகர்த்தியது அவர். அந்த அவசரத்திலும் அது என் மனசில் சுருக்கென்று பட்டது, மறைக்க மாட்டேன்.

ஃபேக்டரியின் பின்கட்டில், முன்பு றப்பர் பாலை உறைய வைக்கும் நீளத் தொட்டி ஒன்று இருந்தது. பையன்கள் துணி துவைக்க அதில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றி, சட்டையை வெட்டி, அவனை அதில் கிடத்தினோம். முதல் நாள் மருந்துப் பெட்டியில் வைத்து, மறுபடி ஃபிரிட்ஜில் உறையப் போட்டிருந்த ஐஸ் பைகளைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு கக்கத்திலும் தொடையிடுக்கிலும் வைத்தேன். நான்கு பேரை நிறுத்திக் கம்பளியால் விசிறச் சொன்னேன். வாயில் தண்ணீர் ஊற்ற வந்தவனை விரட்டினேன், மயக்கத்தில் அது நெஞ்சுக்குள் போகும். கையில் நரம்பு பிடித்து சேலைன் ஏற்றினேன். அவனுக்கு விறைப்பு வந்து கை துள்ளியது, ஊசி வெளியே வந்தது, மறுபடி பிடித்தேன். மிஸ் தொட்டிக்குள்ளேயே இறங்கிவிட்டார். அவன் தலையைத் தன் மடியில் ஏந்தி, மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். கம கொஹெத மல்லி, கம கொஹெத.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாதரசம் நூற்று இரண்டுக்கு இறங்கியதும் ஐஸை எடுக்கச் சொன்னேன், அதற்குக் கீழே போனால் நடுக்கம் வந்து சூடு மறுபடி ஏறும். அப்போது அவன் உதடு அசைந்தது. தன் ஊரின் பெயரைச் சொன்னான். மிஸ் சிரித்துக்கொண்டே அழுதார். அவன் கண் திறந்து முதலில் பார்த்தது அவருடைய முகத்தை. நான் காலடியில், சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். போத்தல் பிடிப்பவனை யார் பார்க்கிறார்கள்.

சாயந்திரம் கேப்டன் வந்தார். தோட்டத்து லொறியில் நாங்கள் கேகாலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்த பையனைப் போய்ப் பார்த்துவிட்டு, எங்கள் அறைக்கு வந்து நின்றார். உட்காரும் பழக்கம் அவருக்கு இல்லை. என்ன நடந்தது என்று கேட்டார். யாரைப் பார்த்துக் கேட்டிருப்பார் என்று நீங்களே சொல்லுங்கள். மிஸ் எல்லாவற்றையும் சொன்னார். தொட்டி ஐயாவின் யோசனை என்றும் சொன்னார், அதில் குறை சொல்ல முடியாது. கேப்டன் என் பக்கம் தலையை ஒரு விரல்கடை அசைத்தார். பிறகு, தண்ணீர் படக்கூடாது என்று பையன்களுக்கு யார் சொன்னது என்று விசாரித்தார். நான்தான் சொன்னேன் என்றார் மிஸ். அது கைக்குழந்தைக்குச் சொல்கிற புத்தி மிஸ், அதுவும் தேவையில்லாத புத்தி என்றார் கேப்டன், அவ்வளவுதான், குரல்கூட உயரவில்லை. ஐஸ் பெட்டியின் மூடியை நான் ஒரு தரம் திறந்து வைத்ததற்காக அரை நாள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்த அதே மனுஷன். தப்புப் பண்ணினால்கூட மிஸ்ஸுக்குக் கிடைக்கும் வசவு இனிப்பாக இருந்தது.

அடுத்த விஷயம்தான் கஷ்டமானது. பையனுக்கு வந்தது ஊசிக் காய்ச்சல் என்றால், தேறியதும் அணியில் மறுபடி சேர்ந்துகொள்வான். வெயில் அடித்தது என்றால் அப்படி விடமாட்டார்கள். ஒரு தடவை அப்படி விழுந்தவன் மறுபடி விழுவான் என்று மெடிக்கல் போர்ட் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும். கேப்டன் பையனைப் பார்த்தபோது சூடு இறங்கிவிட்டது. தொட்டிக்குப் போகுமுன் அவன் எப்படி இருந்தான் என்பது எங்கள் இருவருக்குத்தான் தெரியும். நாளைக்கு ஆற அமர யோசித்துச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் நான் எழுதுவேன் என்றார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து சமன் சொல்லியனுப்பினான். மிஸ்ஸுக்குத்தான். ஊசியால் வந்த காய்ச்சல் என்று சொல்லிவிடுங்க, என்னை வீட்டுக்கு அனுப்பிடாதீங்க என்று. யூனிஃபோம் போட்டு ஊருக்குப் போவதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தவன். மறுநாள் விடியற்காலையில் அவனுடைய அம்மா எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அவரும் மிஸ்ஸைத் தேடித்தான். மூத்த மகன் ஏற்கெனவே ஆமியில், வடக்கில். அந்தம்மா இதைச் செய்யுங்கள் அதைச் செய்யாதீர்கள் என்று எதுவும் கேட்கவில்லை. சின்னவன் பால்வெட்டில் நல்ல கைகாரன் என்று மட்டும் இரண்டு மூன்று தரம் சொன்னார்.

கேம்புக்கு நடந்து போகும்போது மிஸ் வழியில் நின்றார்.

"ஐயா, டொக்டர் என்னத்தான் கேப்பாரு. என்னான்னு சொல்லட்டும்?"

தன்னைத்தான் கேட்பார் என்று அவருக்கே தெரிந்திருந்தது. அதுவும் எரிந்தது. ஆனால் அவ்வளவு வருஷத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"நூத்தி ஏழு இருந்துச்சு. வேர்வ இல்ல. நெனவு தப்பிப் பேசினான். ஊசிக் காய்ச்சல் அப்பிடி வராது. பார்த்ததச் சொல்லுங்க."

"பையன் அழுவானே ஐயா."

"அழட்டும்," என்றேன்.

அவர் போய் அதை அப்படியே சொன்னார். கேப்டன் எழுதினார். சமனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த அணியின் மற்றவர்கள் மழைக்காலத்தைப் பெரிய காய்ச்சல் இல்லாமல் தாண்டினார்கள். ஊசி வேலை செய்தது, ரவிக்குமார் அதைக் குறித்துக்கொள்ளலாம். குளிப்பதைப் பற்றிக் கேட்டால், குளிக்கலாம், வெயிலில் வேலை செய்கிறவன் கட்டாயம் குளிக்க வேண்டும் என்று அன்று தொடங்கி லயத்திலும் சொல்லிவருகிறோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரைக்கும் அந்தத் தாயிடமிருந்து மிஸ்ஸின் வீட்டுக்குக் கொண்டைப் பணியாரமும் பலாப்பழமும் வரும். மிஸ் அதில் ஒரு பங்கை எனக்கு அனுப்புவார். என் மனைவி ருசித்துச் சாப்பிடுவாள். எனக்குத் தொண்டையில் இறங்காது. தொட்டியில் போடச் சொன்னவன் நான், நரம்பு பிடித்தவன் நான், நான் பொறுப்பு என்று சொன்னவன் நான். பணியாரம் மட்டும் அங்கே போகிறது. ஒரு வருஷம் இதை வாய் விட்டே மனைவியிடம் சொன்னேன். உங்களுக்குப் பணியாரம் வேணும்னா நான் சுட்டுத் தர்றேன் என்றாள்.

சண்டை மறுபடி தொடங்கியது. ரம்புக்கனைச் சந்தியிலும் கேகாலை ரோட்டிலும் செத்த பையன்களின் படங்களைப் பெரிதாக அடித்துக் கட்டினார்கள். சாவுக்கு வெள்ளைக் கொடி கட்டாத கிராமம் குறைவு. பஸ்ஸில் போகும்போது சில முகங்கள் எங்கோ பார்த்ததுபோலத் தோன்றும். என் வரிசையில் நின்றவனா, அவர் வரிசையில் நின்றவனா என்று தெரியாது. நான் ஓய்வு பெற்றேன். இந்த வருஷம் சண்டை முடிந்தது.

முடிந்து சில வாரங்கள் கழித்து, பிரஷர் மாத்திரை வாங்க மருந்தகத்துக்குப் போயிருந்தேன். மிஸ் வராந்தாவில் பிள்ளைகளுக்கு நிறை பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் படியேறி வந்தான். கையில் ஒரு கட்டு வெற்றிலை. உடம்பு பெருத்து, மீசை வைத்திருந்தான், எனக்கு அடையாளம் தெரியவில்லை. மிஸ்ஸுக்குத் தெரிந்தது. அவன் வெற்றிலையை அவர் கையில் கொடுத்து, முழங்கால் மடித்து, அவர் காலில் விழுந்தான். பெற்றவர்களுக்கும் ஆசிரியருக்கும் அவர்கள் செய்யும் மரியாதை அது. சமன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்குள் பழைய அடுப்பு பற்றிக்கொண்டது. பணியாரம் போதாதென்று இப்போது வெற்றிலையுமா என்று நினைத்தேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சிங்களத்தில் பேசினான். "அன்னைக்கு ரம்புக்கனை ஸ்டேஷன்ல நான் சொன்னத மன்னிச்சிருங்க மிஸ். கேம்புல என்கூட ஒரே அறையில படுத்தவங்க யாரும் இப்ப உயிரோட இல்ல. நேத்து கடைசியா செத்தவன் பேர்ல பிக்குமாருக்குக் குடுத்த தானத்துக்குப் போயிட்டு வர்றேன். அவங்க அம்மா என் கையத்தான் பிடிச்சிக்கிட்டு இருந்தாங்க."

ஸ்டேஷனில் என்ன சொன்னான் என்று மிஸ்ஸைக் கேட்டேன்.

"அது ஒண்ணுமில்லீங்க ஐயா. பழைய கதை."

அவன்தான் சொன்னான். கேம்பிலிருந்து அனுப்பப்பட்ட அடுத்த மாதம், சனம் நிறைந்த பிளாட்ஃபோமில் மிஸ்ஸைக் கண்டிருக்கிறான். கையில் சந்தைப் பையோடு நின்றவர் முன்னால் காறித் துப்பியிருக்கிறான். சிங்களப் பையன் சிப்பாய் ஆகக் கூடாது என்று பொய் சொல்லி என்னை விரட்டிய தமிழச்சி இவதான் என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தியிருக்கிறான். சனம் கூடியிருக்கிறது. மிஸ் அந்த ரயிலில் ஏறாமல், ரோட்டு வழியே நடந்து தோட்டத்துக்கு வந்திருக்கிறார்.

பொய் என்று அவன் சொன்னது என் வாயிலிருந்து வந்த வார்த்தை. அழட்டும் என்றவன் நான். ஐயாதான் சொல்லச் சொன்னார் என்று அங்கே ஒரு சொல் சொல்லியிருந்தால் மிஸ் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை வருஷமாக என்னிடமும் சொல்லவில்லை. சித்திரைக்குச் சித்திரை பணியாரத்தில் பங்கு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

மிஸ் அவனை எழுப்பினார். கையிலிருந்த வெற்றிலையை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். "மல்லி, நான் வெறும் வாய்தான். சொல்லச் சொன்னது ஐயா. தொட்டியில போடச் சொன்னதும் ஐயா. இத அவருக்குக் குடுங்க," என்றார்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். முதல் தடவையாக முழுசாகப் பார்த்தான். இரண்டு கையாலும் வெற்றிலையை நீட்டி, என் காலில் விழுந்தான். இத்தனை வருஷம் நான் எதற்கு ஏங்கினேனோ அது என் கையில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், மிஸ் ஒரு குழந்தையைத் தராசில் தூக்கி வைத்து நிறை பார்க்கத் தொடங்கிவிட்டார். எங்கள் பக்கம் பார்க்கவேயில்லை.

அவன் துப்பியதை வாங்கிக்கொண்டவர் அவர். கொண்டுவந்த வெற்றிலை எனக்கு. இதற்குப் பிறகும் நான் பொறாமைப்படாமல் எப்படி இருப்பது, நீங்களே சொல்லுங்கள்.